நவமணிக்கு எடுத்த வீடு

ஈப்போ, சிலிபின்
22.1.1928

அன்புள்ள செல்லாச்சி அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் என் பிள்ளை நவமணியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். எனக்குப் போன கிழமை பிடித்த தடிமன் மாறிவிட்டது.

அக்கா, வீடு கிடைத்துவிட்டது! ரயில் பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு பலகை வீடு. கீழே பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். மேலே இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும் எனக்கு. படிக்கட்டு வெளியால் ஏறுவதால் என் வாசல் தனி வாசல். வீட்டுக்காரச் சீனர் முதலில் "புருஷன் எங்கே?" என்று மலாயில் கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். "அப்பன் எங்கே, அண்ணன் எங்கே?" என்றார். "நான் டீச்சர்" என்றேன். அது அவருக்குப் போதவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மிசி ஒரு துண்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் கதவுத் திறப்பைக் கையில் தந்தார்.

ஐயாவின் வீட்டில் இருந்தேன், பிறகு அவருடைய வீடு, பிறகு உங்கள் வீடு. இருபத்தைந்து வயதில் இப்போதுதான் ஒரு கதவை நானாகப் பூட்டித் திறக்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் எங்கள் இருவரையும் ஒரே பந்தலில் கட்டிக்கொடுத்தபோது, அவர் இப்படிக் காய்ச்சலில் போவார் என்றும் நீங்கள் என்னையும் பிள்ளையையும் தாங்குவீர்கள் என்றும் யார் நினைத்தது? நான் ஆசிரியப் பயிற்சிக்கு ஈப்போ வந்த இந்தக் காலமெல்லாம் நவமணி உங்கள் மடியில்தானே வளர்ந்தாள். விடுதியில் பிள்ளையை வைத்திருக்க விடமாட்டார்கள் என்பதால்தான் அவளைப் பிரிந்திருந்தேன். இனி அந்தத் தடை இல்லை.

ஏப்ரல் விடுமுறையில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு வர எண்ணியிருக்கிறேன். அத்தானுக்கும் வசதிதானா என்று எழுதுங்கள். உங்களிடம் இரண்டு இடியப்ப உரல் இருக்கிறதே, ஒன்றைத் தருவீர்களா? இங்கே தேடிக் களைத்துவிட்டேன்.

மகளுக்கு என் முத்தம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சந்திரமதி


ஹுத்தான் மெலிந்தாங்
14.2.1928

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் பழைய இடுப்பு நோ விட்டுவிட்டு வருகிறது.

தெலுக் ஆன்சன் போன தோட்டத்து லொறியில் இடியப்ப உரலும் பிட்டு அவிக்க இரண்டு நீத்துப்பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். அங்கேயிருந்து ரயிலில் வரும், ஸ்டேஷனில் விசாரித்து எடு. புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் கொண்டுபோ. வெள்ளிக்கிழமை பார்த்துப் பால் காய்ச்சு. பலகை வீடென்றால் அடுப்புக்குக் கீழே தகரம் விரித்துக்கொள். நுளம்பு வலை இல்லாமல் ஒரு நாளும் படுக்காதே. எங்கள் வீட்டில் போனது போதும்.

அத்தானுக்கு நீ தனியே வீடு எடுத்தது பிடிக்கவில்லை. "தோட்டத்துக் கணக்கெழுதுற பெரிய கிராணியின்ரை மச்சாள் கூலிச்சனத்தின்ரை தலைக்கு மேலை குடியிருக்கிறாளாம்" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நவமணி இப்போது முழுகினால் தலை துவட்டக் கூட என்னைத்தான் தேடுகிறாள். பழஞ்சோற்றுக்குத் தயிர் விட்டுக் கொடுத்தால் சட்டி வழித்துச் சாப்பிடுகிறாள். இதை எழுதும்போதும் என் முதுகில் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. முருகன் துணை.

உன் அக்கா,
செல்லாச்சி


ஈப்போ, சிலிபின்
11.3.1928

அன்புள்ள அக்காவுக்கு,

உரலும் நீத்துப்பெட்டியும் உடையாமல் வந்தன. உங்கள் இடுப்பு நோ எப்படி? எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறீர்களா? நான் நலம்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினேன். பக்கத்தில் நிற்க ஆளில்லையே என்று நினைக்கும்போது கீழ்வீட்டுக் காளியம்மா தானாகவே ஏறி வந்துவிட்டாள். சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பால்மரம் வெட்டியவள். கதையெல்லாம் பெரிய சத்தம், இடைக்கிடை மலாய்க்காரர் மாதிரி ஒரு 'லா'வும் சேரும்.

"என்னா டீச்சரம்மா, ரெண்டு ரூம்பு எடுத்துட்டு ஒத்தையில உக்காந்திருக்கீங்க. புள்ள எப்ப வருது?" என்றாள்.

"ஏப்ரலிலை கூட்டிக்கொண்டு வருவன்" என்றேன்.

"அப்ப ஒரு கட்டிலு போடுங்கலா. தரையில ஈரம் ஏறும், சின்னப் புள்ளைக்கு ஆவாது."

அவள் சொன்னது சரியென்று பட்டது. சீனத் தச்சனிடம் சின்னக் கட்டில் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். விழாமலிருக்க இரண்டு பக்கமும் சட்டம் வைக்கச் சொன்னேன். நவமணியின் அறை யன்னலுக்கு நீலத் துணியில் திரை தைத்துவிட்டேன். யன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் அவளுக்கு இடமும் சொல்லி வைத்தாயிற்று. காலையில் இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம்.

ஏப்ரலைப் பற்றிக் கேட்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதிலைக் காணவில்லை, மறந்திருப்பீர்கள். பள்ளி மூடியவுடன் புறப்பட்டு வருகிறேன். அவளுடைய உடுப்புகளை எடுத்து வைத்திருங்கள், அக்கா.

அத்தானின் கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். எல்லோருக்கும் என் அன்பு.

சந்திரமதி


ஈப்போ, சிலிபின்
29.4.1928

அன்புள்ள அக்காவுக்கு,

வழியில் ஒரு தொல்லையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த சோறு தாப்பா ரோட்டில் வண்டி மாறும்வரை போதுமாயிருந்தது. உங்கள் எல்லோரையும் சுகமாகக் கண்டதில் ஆறுதல்.

உங்கள் பதில் வராமலே நான் வந்தது சரியோ பிழையோ தெரியவில்லை. வந்து இறங்கியபோது "பிள்ளைக்கு இருமல், இப்ப பிரயாணம் கூடாது" என்றீர்கள். நான் அங்கு இருந்த நாளெல்லாம் அவள் ஒரு தடவை கூட இருமவில்லை, அக்கா. அதை அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மோட்டார் வண்டி வந்து நின்றபோது நடந்தது கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவளுடைய பெட்டியை முதலில் ஏற்றிவிட்டேன். கையை நீட்டினேன். அவள் உங்கள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரேல்லை அம்மா. நீங்கள் எப்பவும் போலப் போயிட்டு வாங்கோ" என்றாள்.

எப்பவும் போல! அவளைப் பொறுத்தவரை நான் போய் வருகிற ஆள். நான் தூக்கினதும் அவள் கதறிய கதறலில் வண்டியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் இறங்கி வந்து, "பிள்ளையைக் கதற விட்டு என்ன காணப் போறாய்? ஆகஸ்டிலை பாப்பம்" என்று பெட்டியை இறக்கிவிட்டார்.

அந்த நேரம் நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பெற்றுப் பெற்றுப் பறிகொடுத்த உங்கள் மனம் எனக்குத் தெரியாதா? அவளுக்கு இரத்தக்கழிச்சல் வந்தபோது இரவு பகல் இருந்து காப்பாற்றியவரும் நீங்கள்தான். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். ஆகஸ்ட் வருமுன் அவளுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். கட்டிலைப் பற்றி, யன்னலைப் பற்றி. நீங்கள் சொன்னால் அவளுக்குப் பயம் போய்விடும்.

அன்புடன்,
சந்திரமதி


ஹுத்தான் மெலிந்தாங்
24.6.1928

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே வேலை மேல் வேலை.

போன மாதம் மூன்று பேரும் தெலுக் ஆன்சன் போய்ப் படம் எடுத்தோம். நவமணி புதுச் சட்டை போட்டு, நடுவில் நிற்கிறாள். உனக்கொரு படம் பிறகு அனுப்புகிறேன்.

எங்கள் கண்ணாடி அலுமாரியையும் அத்தானின் சாய்மனைக் கதிரையையும் உனக்கு அனுப்பலாமென்று நினைக்கிறோம். இங்கே இடம் நெருக்கமாயிருக்கிறது. உன் வீட்டில் தளபாடம் குறைவு என்றாயே. வேண்டாமென்று சொல்லாதே. அம்மா எனக்குத் தந்த பித்தளைக் குத்துவிளக்கையும் நீயே வைத்திரு.

நவமணி நன்றாயிருக்கிறாள். மழையில்லை, வெயில் கடுமை.

செல்லாச்சி


ஈப்போ, சிலிபின்
15.7.1928

அன்பான அக்காவுக்கு,

உங்கள் மூவரையும் முருகன் காக்க வேண்டும். எனக்கு இன்றைக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை, மனதிலும் இல்லை.

அலுமாரி வந்துவிட்டது! படிக்கட்டில் ஏற்ற முடியாமல் காளியம்மாவின் புருஷனும் பட்டறை ஆட்கள் சிலரும் கயிறு கட்டி யன்னலால் தூக்கினார்கள். காளியம்மா கீழே நின்று, "கண்ணாடி, கண்ணாடி! பார்த்துத் தூக்குங்கலா!" என்று கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. சாய்மனைக் கதிரையை முன்னறையில் போட்டிருக்கிறேன். குத்துவிளக்கை ஏற்றி வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு என்மேல் மனக்கசப்பு என்று நான் இத்தனை நாளும் வீணாக நினைத்துவிட்டேன். கசப்பிருந்தால் அம்மாவின் விளக்கைத் தருவீர்களா?

இனி இது வீடு மாதிரி இருக்கிறது. வெறும் பலகைச் சத்தம் போய்விட்டது. அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதையும் நவமணியின் உடுப்புக்கு விட்டிருக்கிறேன். அவளுக்குக் கை எட்டும்.

ஆகஸ்ட் மூன்றாம் கிழமை பள்ளி மூடுகிறது. இந்தத் தடவை நீங்களும் அவளோடு வந்து சில நாள் இங்கே இருங்கள். நீங்கள் இருந்தால் அவள் அழமாட்டாள். பழகியபின் நீங்கள் போகலாம். அத்தானிடம் நானே கெஞ்சி எழுதுகிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? உடனே எழுதுங்கள்.

உங்கள்
சந்திரமதி


பினாங்கு
2.8.1928

தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

நாளைக்கு யாழ்ப்பாணம் போகக் கப்பல். நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தானுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் அவளும் வருகிறாள். தை பிறக்குமுன் வந்துவிடுவோம். முன்னமே எழுத நினைத்தேன், சாமான் கட்டுகிற அலுவலில் முடியவில்லை.

நீ ஹுத்தான் மெலிந்தாங் போய் அலைய வேண்டாம். பினாங்குக்கும் வர வேண்டாம், இது கிடைக்கும்போது நாங்கள் கடலில் இருப்போம். நவமணி கப்பலைப் பார்த்துத் துள்ளுகிறாள்.

மானிப்பாய் விலாசத்துக்கு எழுது.

அக்கா


ஈப்போ, சிலிபின்
26.8.1928

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் மூவரும் சுகமாகக் கரை சேர்ந்திருப்பீர்கள்.

போக வேண்டாமென்று நீங்கள் எழுதியதால்தான் ஹுத்தான் மெலிந்தாங் போனேன். உங்கள் வீட்டு வாசலில் வேறு யாருடையவோ செருப்புகள் கிடந்தன. அத்தானின் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கிராணியின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. அத்தான் எங்கே என்று பேர் சொல்லிக் கேட்டேன்.

"இராஜசிங்கத்தாரோ? அவை வேலையை விட்டிட்டு ஒரேயடியா ஊருக்குப் போயிட்டினம். உங்களுக்குத் தெரியாதோ? போறதுக்கு முந்தி மகளின்ரை பிறந்தநாளுக்குப் பலகாரம் கூடத் தந்தவை" என்றா.

மகள் என்று சொன்னா. நான் யாரென்று அவவுக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அலுமாரியையும் கதிரையையும் விளக்கையும் எதற்காகத் தந்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் எனக்கு. நானும் முட்டாள்போல் ஆனந்தக் கண்ணீர் விட்டு உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

காளியம்மா, "புள்ளயத் திருடிட்டுப் போயிட்டாங்கன்னு போலீசுல சொல்லுங்கம்மா. ஏன் இப்புடிச் செவுத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று சண்டைக்கு வருகிறாள். கூடப் பிறந்தவளைத் திருடி என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அவளை எனக்குத் திருப்பித் தாருங்கள். அடுத்த கப்பலில் வருகிற யாராவது தெரிந்த குடும்பத்தோடு அனுப்புங்கள். நான் பினாங்குத் துறைமுகத்தில் வந்து நிற்கிறேன். நடந்ததைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டேன்.

சந்திரமதி


மானிப்பாய், யாழ்ப்பாணம்
10.10.1928

நன்மை பெருக வேண்டிய சந்திரமதிக்கு இராஜசிங்கம் எழுதுவது.

இவ்விடம் க்ஷேமம். உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கா அதை வாசித்துப் படுத்த படுக்கையாகிவிட்டபடியால் நான் எழுதுகிறேன்.

நவமணி என் தம்பி ஸ்கந்தராஜாவின் இரத்தம். அவன் இல்லாத இடத்தில் அவளுக்குப் பொறுப்பு நான். நீ வேலைக்குப் போனதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஆண் துணையின்றி மாடிவீடு எடுத்து இருப்பவளின் பிள்ளை என்று நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வரும்போது நாலு பேர் கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல நீயோ உன் சம்பளமோ உதவாது. அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். பள்ளிப் பெயர் இடாப்பில் இராஜசிங்கம் நவமணி என்று பதிந்திருக்கிறது. ஊரில் எல்லோரும் எங்கள் பிள்ளை என்றே அறிவார்கள். அவளும் உன் அக்காவை அம்மா என்றே கூப்பிடுகிறாள்.

உனக்கு அவளைப் பார்க்க மனமிருந்தால் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு இங்கே வந்து எங்களோடு இருக்கலாம். வருவதென்றால் அவளுக்குச் சின்னம்மாவாக வர வேண்டும். வேறு விதமாக வருவதென்றால் வர வேண்டாம்.

இராஜசிங்கம்

தங்கச்சி, அவருக்குத் தெரியாமல் கீழே எழுதுகிறேன். நீ படித்தவள், வயதும் இருக்கிறது, உனக்கு ஒரு உலகம் இருக்கிறது. எனக்கு இவள் ஒருத்திதான். ராத்திரி கனவில் பயந்தால் அவள் என் கழுத்தைத்தான் கட்டுகிறாள். அதை நான் எப்படிப் பிரித்து எடுத்துக் கப்பலில் ஏற்றுவேன்? நீயே சொல். — செல்லாச்சி


ஈப்போ, சிலிபின்
18.11.1928

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

அக்கா எழும்பி நடமாடுவா என்று நம்புகிறேன். நான் சுகம்.

பதில் எழுத நாள் எடுத்தேன். இங்கே ஒரு வக்கீலிடம் போயிருந்தேன். அதை உங்களுக்கு மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளை இந்த நாட்டில் இல்லை, வைத்திருப்பவர்கள் சொந்தப் பெரியப்பாவும் பெரியம்மாவும், இவ்வளவு காலமும் நீயே உன் சம்மதத்தோடு அவர்களிடம் விட்டிருந்தாய் என்றார். இதற்கு வழக்கு நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அறைக்குள் நான் இப்போது போவதில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். ஒரு நாள் காளியம்மா கூட்டுவதற்காகத் திறந்துவிட்டு, அந்தச் சின்னக் கட்டிலைப் பார்த்தபடி கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எந்நேரமும் சத்தமாய்ப் பேசுகிறவள். அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன்.

நான் வருகிறேன். சின்னம்மாவாகவே வருகிறேன். அவளுக்குத் தலை வாரி இழுக்க, சட்டை தோய்க்க, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போக விட்டால் போதும். யாரும் கேட்டால் செல்லாச்சியின் தங்கை என்று மட்டும் சொல்வேன். வேலையை விடுவதாக அறிவித்தல் கொடுத்துவிட்டேன். வீட்டை வருகிற மாதக் கடைசியில் புதிதாக வருகிற டீச்சர் ஒருவர் எடுக்கிறார். தளபாடமெல்லாம் அவருக்கே. தை மாதக் கப்பலுக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

நான் வருகிற செய்தியை நவமணிக்குச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

சந்திரமதி


மானிப்பாய்
5.1.1929

அன்புள்ள சின்னம்மாவுக்கு நவமணி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கக் கடவுளைக் கும்பிடுகிறேன். இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். ஐயா பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறார்.

நான் வகுப்பில் நன்றாகப் படிக்கிறேன். எங்களிடம் ஒரு ஆட்டுக்குட்டி இருக்கிறது. அதன் பெயர் வெள்ளைச்சி. அது அம்மாவின் சேலையைத் தின்றுவிட்டது. அம்மாவுக்கு இடுப்பு நோ.

நீங்கள் இப்போது வர வேண்டாமென்று ஐயா எழுதச் சொல்கிறார். வந்தால் சனங்கள் கதைப்பார்களாம். என் படிப்பும் குழம்புமாம். நான் பெரியவளானபின் பார்க்கலாமாம். நீங்கள் அங்கேயே வேலை செய்து சுகமாக இருக்க வேண்டுமாம். அம்மாவும் அப்படித்தான் சொல்கிறா. சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டா.

முன்பு நான் உங்களை அம்மா என்று கூப்பிட்டது பிழை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபடியால் தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன். இனிமேல் அப்படிக் கூப்பிடமாட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
இராஜசிங்கம் நவமணி


ஈப்போ
பள்ளிக்கூட விடுதி
3.2.1929

அன்புள்ள நவமணிக்கு,

உன் கடிதம் என்னிடம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ சுகமாயிருப்பதும் நன்றாகப் படிப்பதும் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். நானும் சுகமாயிருக்கிறேன். பெரிய மிசி என்னைத் திரும்பவும் வேலைக்கு எடுத்துக்கொண்டா. இப்போது வேறு டீச்சர்மாரோடு இந்த விடுதியில் இருக்கிறேன். ஆகவே இனிக் கடிதம் போடுவதென்றால் மேலே இருக்கிற விலாசத்துக்குப் போடு.

உன் எழுத்து வடிவாயிருக்கிறது. வரி சாயாமல் எழுதியிருக்கிறாய். வெள்ளைச்சியை இரவில் நனைய விடாதே. குட்டி ஆடுகளுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது. அம்மாவைக் குனிந்து தண்ணீர் அள்ள விடாதே. நீ கைப்பிடித்து உதவி செய்தால் அம்மாவின் நோ சீக்கிரம் மாறும். அம்மா அழுதால் காரணம் கேட்காதே. பக்கத்தில் போய் இரு.

நான் வரவில்லை. ஐயாவிடம் சொல்லு.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பிள்ளை. சின்ன வயதில் பிள்ளைகள் ஆளை மாறிக் கூப்பிடுவதுண்டு. அதை யாரும் பிழையென்று எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் சின்னம்மா,
சந்திரமதி